ஒற்றுத்தாளில் இறங்கிய புகை

1. ஒற்றுத்தாள்

ஒற்றுத்தாளைத் தூக்கினேன். அதில் கறை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது புகை.

பழைய தாள்களைச் செப்பனிடும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இலங்கையில் இரசாயனம் படித்தவன். தாளின் வேலையை மொன்றியலுக்கு வந்த பிறகுதான் கற்றேன். நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் என் உழைப்புக் காலம் முழுவதும் கழிந்தது. கிழிந்த வரைபடங்கள், பூஞ்சணம் பிடித்த ஞானஸ்நானப் பத்திரங்கள், வெள்ளத்தில் ஊறிய படங்கள் என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். நான் மீட்டுக்கொடுத்தவற்றைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நான் அழித்ததைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று மேசையில் இருந்தது ஒல்லாந்து நாட்டுக் கோட்டோவியம் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வரைந்தவர் யாரென்று தெரியாது. இரண்டு கை அகலத் தாளில் ஒரு பண்ணை வீடு. ஓலைக்கூரை தரையைத் தொடுமளவு தாழ்ந்திருக்கும். முகடு கிழட்டுக் குதிரையின் முதுகைப்போல நடுவில் குழிந்திருக்கும். பக்கத்தில் நான்கு கம்பங்களின்மேல் ஏற்றி இறக்கக்கூடிய கூரையுடன் ஒரு வைக்கோல் போர். முன்னால் துலாக் கிணறு. பின்னல் வேலி. சாய்ந்துபோன பன்றிக்கூடு. மனிதர் ஒருவரும் இல்லை.

மேல் வலது மூலையில் எப்போதோ தண்ணீர் பட்ட கறை. அந்த மூலையிலிருந்து வீட்டின் முகடு வரைக்கும் மங்கலான பழுப்பு நிறம் பரவியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நான் இரண்டையும் ஒரே கறை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் சக்‌ஷன் டேபிள் என்றொரு மேசை உண்டு. மேற்பரப்பு முழுவதும் ஊசித் துளைகள். கீழே ஒரு மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மேசையில் நீரை உறிஞ்சும் ஒற்றுத்தாளை விரித்து அதன்மேல் படத்தை வைப்போம். கறையுள்ள இடத்தில் மட்டும் தூரிகையால் நீரைத் தொட்டுத்தொட்டு வைத்தால், நீர் தாளின் ஊடாக இறங்கிக் கறையையும் இழுத்துக்கொண்டு ஒற்றுத்தாளில் விட்டுவிடும். மற்ற இடங்கள் நனையாது. நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. செய்தேன். பழுப்பு நிறம் சொன்ன சொல் கேட்டதுபோல இறங்கியது. எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

நீர்க்கறைக்கு ஓர் அடையாளம் உண்டு. தண்ணீர் பரவும்போது அழுக்கை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். காயும் இடத்தில் அதை விட்டுவிடும். அதனால் ஓரம் கறுத்திருக்கும், நடு வெளுத்திருக்கும். தொழிலுக்கு வருபவர்கள் முதல் வாரத்தில் கற்பது அது.

ஒற்றுத்தாளின் மூலையில் அப்படி ஒரு கறை இருந்தது. அதற்குக் கீழே இருந்தது வேறு. முகட்டின் இடத்தில் ஒடுக்கமாகவும் அடர்த்தியாகவும் தொடங்கி, மேலே போகப்போக அகன்று, வலப்பக்கம் வளைந்து, ஓரங்களில் ஒன்றுமில்லாமல் கரைந்திருந்தது. நடுத்தான் இருட்டு. ஓரம் வெளிச்சம். தூரிகையை அழுத்தித் தொடங்கி, இலேசாக்கி, எடுத்த இடம் தெரிந்தது. மறுபடி வைத்து எடுத்த இடமும் தெரிந்தது.

என் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தேன். மோட்டார் உறிஞ்சிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சார், மோட்டார் ஓடுதே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பவித்ரா. பட்டறையில் படமெடுக்கும் பொறுப்பு அவளுடையது. சென்னைப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள். கிட்ட வந்து மோட்டாரை நிறுத்தினாள். ஒற்றுத்தாளைப் பார்த்தாள்.

"சார், இது ஸ்டெயின் மாதிரி இல்லையே..."

"காயட்டும் பவித்ரா. காய்ஞ்சாப் பிறகு பாப்பம்."

காய்ந்தால் வேறொன்றாக மாறிவிடும் என்று நான் நம்பியிருக்கவேண்டும். அன்று காலை நடந்தது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. அவள் கேட்டிருந்தாள்: "சார், வாஷ் பண்றதுக்கு முன்னாடி ஒரு யூவி எடுத்துடவா? சீக்கிரம் முடிஞ்சிடும்." புறஊதா ஒளியில் நீர்க்கறை ஒரு விதமாகத் தெரியும், மை வேறு விதமாகத் தெரியும். நான், "தேவையில்லை பிள்ளை. இது தண்ணிக்கறை. எனக்குக் கண்ணிலேயே தெரியுது," என்றேன். "அந்த வீட்டுக்கு மேல இருக்கிறதும் அதேதானா சார்?" என்று கேட்டாள். "அதேதான்," என்றேன்.

நான் சோதனை செய்யாமல் நீரை வைத்தவனல்லன். கூரைக்கோட்டில் ஒரு துளி, வைக்கோல் போரின் கம்பத்தில் ஒரு துளி, துலாவில் ஒரு துளி வைத்து ஒற்றிப் பார்த்திருந்தேன். எதிலும் மை கிளம்பவில்லை. அவை இரும்பு கலந்த மைக்கோடுகள், நீருக்கு அசையாதவை. பழுப்புப் பரவலில் மட்டும் துளி வைக்கவில்லை. படத்தைத்தான் சோதிப்போம், கறையைச் சோதிப்பதில்லை. எது படம் எது கறை என்று சோதனைக்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். பிழை அங்கேதான் நடந்தது, மேசையில் அல்ல.

2. ரோசலின் அக்காவின் சுவர்

அந்தப் படம் ரோசலின் அக்காவுடையது. நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸில் தனியாக ஒரு பங்களாவில் இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மட்டக்களப்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். வீட்டைவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் உள்ள முதியோர் விடுதிக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே அவருக்குக் கிடைக்கப்போவது ஓர் அறை. அதில் படம் மாட்டக்கூடியது ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்த ஒரு படம் போதும் என்று தீர்மானித்திருந்தார்.

படத்தை எடுத்துவரப் போனது நான்தான். வீடு முழுவதும் பெட்டிகள்.

"வாங்க தம்பி. சப்பாத்தக் கழட்ட வேணாம். நிலத்துல கால் வைக்க இடமில்ல. எந்தப் பக்கம் நீங்க?"

"மட்டக்களப்புத்தான் அக்கா. கல்லடி."

"அதானே பாத்தன், கதைக்கிறதுல தெரியிது. நம்மட ஆள் எண்டபடியாத்தான் தாறன். இல்லாட்டி இது இந்தச் சுவர விட்டு இறங்கியிராது."

யார் வரைந்தது என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? பூட்டன் ஒல்லாந்துல இருந்து கப்பல்ல வரக்குள்ள கொண்டு வந்த எண்டு அப்பா சொல்லுவாரு. கண்டியில ஏலத்துல எடுத்த எண்டு சித்தப்பா சொல்லுவாரு. ரெண்டு பேரும் நல்லாப் பொய் சொல்லக்கூடியாக்கள்."

என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னார். "இந்தா, இந்த மூலையில தண்ணி பட்ட கறை இரிக்கி. கூரை ஒழுகி வந்த. அத மட்டும் எடுங்க. கண்ணாடியையும் மாத்துங்க, படத்தப் பாத்தா என்ட மூஞ்சிதான் தெரியிது. மத்ததெல்லாம் அப்பிடியே இரிக்கட்டும்."

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கையில் தந்தபோது அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ம்... இண்டைக்கு அங்க என்ன கறியோ?" என்றார்.

நான் சிரித்தேன். தனியாக இருக்கும் வயதானவர்கள் படங்களோடும் பொருட்களோடும் பேசுவது எங்கள் தொழிலில் அடிக்கடி காணக்கிடைப்பது. மரியாதைக்காக ஒரு நிமிடம் நின்றுவிட்டு, என் வழமையான அடுத்த கேள்வியைக் கேட்டேன். "இந்தச் சுவரில வெயில் படுறதா அக்கா?"

"பின்னேரத்துல கொஞ்சம்," என்றார்.

குறித்துக்கொண்டேன்.

3. மாஞிஃபீக்

ஒற்றுத்தாள் காய்ந்தது. எதுவும் மாறவில்லை.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டறையின் உரிமையாளர் மதாம் லிஸ் உள்ளே வந்தார். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். அவர் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மாஞிஃபீக்! அற்புதம்! இப்பதான் அந்த வானம் மூச்சு விடுது. எவ்வளவு துப்புரவு! நான் சொல்லுறன், இந்த நகரத்தில உன்னை மாதிரி ஒரு கை இல்லை."

அவர் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கள் பட்டறையின் இணையப் பக்கத்தில் போட்டார். மதியத்துக்குள் யார்யாரோ பாராட்டி எழுதிவிட்டார்கள். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. என்னை உலுக்கியது அதுதான். பிழை விட்டால் யாராவது பிடிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் வேலை செய்கிறோம். பிடிக்க ஆளில்லாதது மட்டுமல்ல, கைதட்டவும் ஆட்கள் இருந்தார்கள்.

பவித்ரா தன் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். வேலைக்கு முந்திய படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தாள். அருகே அதே காலத்து வேறு பண்ணை வீட்டு ஓவியங்கள் சில.

"சார், கோச்சுக்காதீங்க. இந்த வீடுங்கள்ல சிம்னியே கிடையாதாம். நடு வீட்ல தரையில அடுப்பு. புகை கூரை ஓலை வழியாவே வெளிய வருமாம். இங்க பாருங்க, இதுல வருது. இதுலயும் வருது. நம்மளதுலயும்..." நிறுத்திவிட்டு, "நம்மளதுலயும் வந்துட்டிருந்துச்சு," என்றாள்.

அவள் மேசையருகே கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புகைபோக்கி இல்லாத வீட்டின்மேல் புகை எப்படி வரும் என்ற எண்ணம் என் மூளையில் எங்கோ இருந்திருக்கிறது. அதனால்தான் அது கறையாகத் தெரிந்தது. நான் கிடுகு வேய்ந்த குசினியுள்ள வீட்டில் பிறந்தவன். மாரி காலத்தில் அடுப்பு மூட்டினால் கூரை முழுவதும் புகையும். தெருவிலிருந்து பார்த்தால் கூரை தீப்பற்றியதுபோல இருக்கும். அதைப் பார்த்து ஒருவரும் கறை என்று சொன்னதில்லை. பழுப்பு மைகளின் வேதியியல் எனக்கு மனப்பாடம். அந்தப் பரவலைத் தீட்டிய மையின் பெயர் பிஸ்டர் என்பதும், அடுப்பில் படியும் புகைக்கரியை நீரில் ஊறவைத்து அதைத் தயாரிப்பார்கள் என்பதும், நீர் பட்டால் அது இளகும் என்பதும் தெரியும். அந்த ஓவியர் புகையைக் கொண்டே புகையை வரைந்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருந்தும், என் கண்முன் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

மதாம் லிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "அது கறை இல்லை. ஓவியத்தின்ட பகுதி. நான் கழுவி எடுத்திட்டன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. திரைக்கு முன்னால் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பவித்ராவின் பக்கம் திரும்பினார். "யூவி எங்கே? ஏன் யூவி எடுக்கேல்லை?"

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். என் வயதுக்கு அவள் கொடுத்த மரியாதை அது. நானும் பேசாமல் நின்றேன். நீண்ட நேரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மதாம் லிஸ் இரண்டாவது முறையும் அவளைக் கேட்கும் வரைக்கும் நின்றேன்.

"எடுக்க வேண்டாம் எண்டது நான்," என்றேன்.

பிறகு பவித்ரா என்னிடம், "நீங்க சொல்லலைன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன் சார்," என்றாள். அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அந்த இடைவெளியில் நான் எதை நம்பி நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

4. நான் செய்த புகை

மதாம் லிஸ் கெட்டவர் அல்லர். பட்டறையை நம்பி மூன்று குடும்பங்கள் இருந்தன. இணையப் பக்கத்திலிருந்து படங்களை உடனே எடுத்துவிட்டார். பிறகு என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ரிப்போர்ட்டில 'நிறமாற்றம் குறைக்கப்பட்டது' எண்டு எழுதுவம். பொய் இல்லைத்தானே?"

பொய் இல்லை. இத்தனை காலமும் நானே எழுதிவந்த வசனம் அது. அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

"இல்லையெண்டால்," என்றார் மெதுவாக, "உன்னட்டை முந்திய படம் இருக்கு. கை இருக்கு. அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல. கொஞ்சம் நிறம் வைச்சால்..."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். நான் போய் அலமாரியைத் திறந்தேன்.

புகைக்கரி மை எங்களிடம் ஒரு சிறு குப்பியில் இருந்தது. அதே காலத்துப் பழைய வெற்றுத்தாள் துண்டுகளும் இருந்தன. ஒரு துண்டை எடுத்து, மையைக் கலக்கி, திரையில் இருந்த புகையைப் பார்த்துத் தீட்டினேன். அழுத்தித் தொடங்கி, இலேசாக்கி, எடுத்தேன். மறுபடி வைத்து எடுத்தேன். முதல் முயற்சி கொஞ்சம் கனத்துவிட்டது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைக் காயவைத்துத் திரைக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. மூலப்படத்தில் இருந்ததைவிட அழகான புகை. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ரோசலின் அக்கா கண்டுபிடிக்கமாட்டார். இன்னும் கொஞ்சக் காலம் போனால் நானே மறந்துவிடுவேன்.

என் கைக்குள் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை அழித்துவிட்டு, அதைவிட நல்லதைப் போலியாகச் செய்து, அதைக் கண்டு பெருமைப்படவும் கூடியவன். படத்தை அழித்தது அறியாமை. இது அப்படியல்ல.

அந்தத் துண்டுகளைக் கிழித்துப் போட்டேன். மதாம் லிஸ்ஸிடம், "நான் போய்ச் சொல்லப்போறன்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நானும் வரவா?"

"வேண்டாம். என்னை நம்பித்தான் தந்தவ."

5. ஆட்கள் எங்கே

பெட்டியில் வைத்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் பியர்பொன்ட்ஸ் போனேன். வழி முழுக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் நீர்க்கறை எப்படி உருவாகும் என்று விளக்குவது, பிறகு மைகளைப் பற்றி, பிறகு நடந்ததை. நல்ல ஒழுங்காகத்தான் இருந்தது.

ரோசலின் அக்கா கதவைத் திறந்தார். "என்ன தம்பி, இப்பிடி வெளிறிப் போயிரிக்கிங்க? குளிரா? உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?"

"புறகு குடிக்கிறன் அக்கா. முதல்ல ஒண்டு சொல்லோணும்."

"படத்தத் தாங்க முதல்ல. கதை எங்கயும் ஓடிப் போகாது."

கையை நீட்டினார். என்னால் மறுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து கொடுத்தேன். யன்னலடிக்குக் கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். மூலையைத் தடவுவதுபோல விரலை மேலே கொண்டுபோனார். "கறை போயிட்டு, ஆ?" என்றார். விரல் கீழே இறங்கியது. முகட்டுக்கு வந்ததும் நின்றது.

நான் வாயைத் திறந்தேன். நீர்க்கறை எப்படி உருவாகும் என்று தொடங்கவேண்டும்.

"ஆக்கள் எங்க?" என்றார்.

"அக்கா?"

"வீட்டுல ஆக்களக் காணல்லயே தம்பி. அடுப்பு எரியல்ல."

பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "நான் கழுவிப்போட்டன் அக்கா," என்றேன். "அது புகை எண்டு எனக்குத் தெரியல்ல. கறையெண்டு நினைச்சுக் கழுவிப்போட்டன்."

அவர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். படம் மடியில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"நாங்க எட்டுப் புள்ளையள்," என்றார். "பகல் சாப்பாட்டு மேசைக்கு நேர இதான் தொங்கும். சாப்பாடு பிந்தினா, எங்கள அழாம வைச்சிரிக்கிறதுக்கு அம்மா கேப்பா, இண்டைக்கு அங்க என்ன கறி எண்டு. ஒருத்தன் றால் எண்டுவான். ஒருத்தி பண்டி இறைச்சி எண்டுவா. புகையப் பாத்துத்தான் சொல்லோணும். கனக்கத் தெரிஞ்சா இறைச்சி, மெல்லிசாத் தெரிஞ்சா கீரை. ஒரே படந்தானே, எப்பிடிக் கனக்கும் மெலியும்? எண்டாலும் எங்களுக்குத் தெரிஞ்சிது. இஞ்ச வந்த புறகு நானும் என்ட புருசனும் கேப்பம். அவர் போன புறகு நான் கேப்பன். அண்டைக்கு உங்களுக்கு முன்னாலயும் கேட்டனே."

"ஓம் அக்கா. கேட்டீங்க."

"நீங்க சிரிச்ச."

"ஓம்."

"நான் நினைச்சன், விளங்கித்தான் சிரிக்கீங்க எண்டு." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக்காரன் ஒருத்தன் இதச் செய்திருந்தா நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன். அவனுக்கு என்ன தெரியும்? நீங்க நம்மட ஊர் ஆள் தம்பி. கூரையால புகை வாறத நீங்க பாக்கல்லயா?"

பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

"புகையைத் திரும்பக் கீறலாம்," என்றேன். அதையும் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. "நான் செய்து பாத்தன் அக்கா. வித்தியாசம் தெரியாது. நீங்கள் சொன்னால்..."

"உங்கட புகை எனக்கு என்னத்துக்கு?"

தேநீருக்கு முன்பே வைத்திருந்த கேத்தல் குசினியில் கொதித்து அடங்கியது. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் அல்ல.

"கழுவின புகை எங்க போன?"

"கீழ வைச்ச ஒற்றுத்தாளில அக்கா. அதுல இறங்கியிருக்கு."

"எறிஞ்சிட்டீங்களா?"

"இல்லை. வைச்சிருக்கிறன்."

"மறுகா ஏன் கொண்டு வரல்ல?" என்றார், பால் வாங்கப் போய்ப் பால் இல்லாமல் வந்தவனைக் கேட்பதுபோல. "அது என்ட தானே?"

6. இரண்டு ஆணி

ஒற்றுத்தாள் நிலைத்து நிற்கும் பொருள் அல்ல. பாவித்துவிட்டு எறிவதற்குத்தான் அதைச் செய்கிறார்கள். அதில் இறங்கிய நிறத்தைக் காப்பாற்றிச் சட்டமிடுவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பவித்ராவும் நானும் சேர்ந்து ஒரு வழி செய்தோம். இந்த முறை அவள் யூவி எடுத்தாள். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. திரையில் மூலைக்கறை ஒளிர்ந்தது. புகை இருட்டாக நின்றது. பார்த்தவுடனே எவரும் இரண்டும் வேறு என்று சொல்லியிருக்கலாம்.

"ரிப்போர்ட்ல என்ன சார் போடட்டும்?"

"நடந்ததைப் போடு. என்ட பேரையும் போடு."

மதாம் லிஸ் அதில் கையெழுத்திட்டார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ரோசலின் அக்கா முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. அந்தக் காலாண்டு முடிவில் நான் வேலையை விட்டு நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. அந்தப் புகைக்குப் பிறகு நனைந்த தூரிகையோடு ஒரு படத்தின்மேல் குனியும்போதெல்லாம் கை நின்றுவிட்டது.

லொங்குய்யில் அந்த அறைக்கு நான் மெத்ரோ ரயிலில் போனேன், சுத்தியலும் ஆணியும் கொண்டு. ரோசலின் அக்கா கட்டிலில் இருந்தபடி கையால் வழி காட்டினார். முதலில் வீட்டை மாட்டினேன். பிறகு ஒற்றுத்தாளின் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அங்க இல்ல. மேல. புகை பக்கத்தாலயா போகும்?"

மேலே கொண்டுபோனேன்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். காத்து இஞ்சால இருந்துதானே அடிக்கிற. ஆ, அதான். அடிங்க."

ஆணியை அடித்தேன். கீழே வீடு, ஆளில்லாத, வெறும் வானத்தோடு நிற்கும் வீடு. மேலே, சட்டத்தின் அகல இடைவெளி விட்டு, ஒன்றிலிருந்தும் கிளம்பாத புகை. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானே கேட்டேன்.

"இண்டைக்கு அங்க என்ன கறி அக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுப்ப அணைச்சிப்போட்டு வந்து கறி என்ன எண்டு கேக்கிறான் பாருங்க," என்றார், அறையில் வேறு யாரோ இருப்பதுபோல. பிறகு சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு படத்தை ஒருவரிடமிருந்து வாங்கும்போது வெயில் படுமா, ஈரம் உண்டா, எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்றெல்லாம் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால், இதில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வேடிக்கையாக இருந்தால் இன்னும் ஒரு தடவை கேளுங்கள். எனக்கு அந்தப் பதில் கேட்காமலே கிடைத்தது. நான் சிரித்துவிட்டு, சுவரில் வெயில் படுமா என்று கேட்டேன்.